படம் எடுத்தால்தான் பயம் போகுமா?

பிள்ளைக்கு நெஞ்சுப் படம் எடுக்க வந்த தாய் எக்ஸ்ரே அறை வாசலில் தயங்கி நிற்பார். “சேர், இந்தக் கதிர் பிள்ளையளுக்குக் கூடாதாம். எடுக்காமல் ஏலாதோ?” அதே பிள்ளை இன்னொரு நாள் கதிரையிலிருந்து விழுந்து நெற்றி வீங்கினால், அதே தாய் “ஸ்கேன் ஒண்டு எடுத்துப் பாத்திட்டா மனசுக்கு ஆறுதல்” என்பார். திருகோணமலையிலும் கிழக்கின் வேறு ஊர்களிலும் எக்ஸ்ரே அறைகளுக்குள்ளேயே உழைப்புக் காலத்தைக் கழித்தவன் நான். இந்த இரண்டு வசனங்களும் காதுக்குப் பழகிப்போனவை. ஆனால் கணக்கைப் பார்த்தால் பயம் தலைகீழாக நிற்கிறது. பிள்ளையின் நெஞ்சுப் படம் ஒன்றில் உடல் வாங்கும் கதிர் ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். நூறு மடங்கு வித்தியாசம். சின்னதுக்குப் பயப்படுகிறோம், பெரியதைக் கேட்டு வாங்குகிறோம்.

இப்போது ஓய்வு பெற்று உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். பின்னேரங்களில் யாராவது பிள்ளையின் படத்தை எடுத்துக்கொண்டு படலையைத் திறப்பார்கள். நான் டொக்டர் இல்லை, படம் எடுத்தவன் மட்டும்தான் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மில்லிசீவர்ட் என்பது கதிர் உடலுக்குச் செய்யக்கூடிய தீங்கைக் கணக்கில் எடுக்கும் அளவு. யாரும் எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாமல் இருந்தாலும் இது பூச்சியம் ஆகாது. வானத்திலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வருகிறது, சாப்பாட்டிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் வருகிறது. வழமையாகச் சொல்லப்படும் உலக சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். நம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம், ஏனென்றால் வடக்கு முனையில் புல்மோட்டை இருக்கிறது. அந்தக் கரையின் கறுத்த மணலில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு. கூடவே கொஞ்சம் மொனசைற். மொனசைற்றில் தோரியம் இருக்கிறது, தோரியம் கதிர் வீசும். புல்மோட்டைக்காரர் எவரும் கடற்கரையைக் கண்டு ஓடுவதில்லை. இந்தச் சராசரியோடு ஒப்பிட்டால் அந்த நெஞ்சுப் படம் மூன்று நாள் சும்மா உயிர் வாழ்ந்ததற்குச் சமம். தலை சிடி பத்து மாதத்துக்கு.

பத்து மாதம் என்றாலும் பெரிதில்லையே என்று சிலர் கேட்பார்கள். வளர்ந்தவர் கேட்டால் நானும் அவ்வளவாக வாதாடமாட்டேன். பிள்ளைக்குக் கணக்கு வேறு. வளரும் உடலில் உயிரணுக்கள் விரைவாகப் பிரிகின்றன. சின்ன உடம்பு, ஆகவே ஓர் இடத்துக்கு என்று விடும் கதிர் பக்கத்திலுள்ள உறுப்புகளையும் எளிதில் தொட்டுவிடுகிறது. இன்று ஏற்படும் ஒரு கீறல் புற்றாக மாற இருபது முப்பது வருடம் எடுக்கலாம். அறுபது வயதுக்காரருக்கு அந்த அவகாசம் குறைவு, நாலு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேலும் இருக்கிறது. எல்லா உறுப்பிலும் பிள்ளைகள்தான் பலவீனம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐநாவின் கதிர்வீச்சு விஞ்ஞானக் குழு 2013 அறிக்கையில் புற்று வகைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. ஏறத்தாழ கால்வாசி வகைகளில் பிள்ளைகள் தெளிவாகக் கூடுதல் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள்: இரத்தப் புற்று, தைரொயிட், மூளை, மார்பு, தோல். நுரையீரலில் மறுவளம், அங்கே பெரியவர்களைவிடக் குறைவு.

இந்த அறிவு சும்மா வரவில்லை. றொன்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அதோடு விளையாடியது. மேல்நாட்டுச் சப்பாத்துக் கடைகளில் பிள்ளையின் காலை ஒரு பெட்டிக்குள் விட்டு, விரல்கள் சப்பாத்துக்குள் எப்படி இருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அமெரிக்காவில் தைமஸ் சுரப்பி பெரிதாக இருக்கிறது என்று கைக்குழந்தைகளின் கழுத்தடியில் கதிர் பாய்ச்சினார்கள். குழந்தைக்கு அந்தச் சுரப்பி பெரிதாக இருப்பது இயல்பு என்பதும், அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் தைரொயிட் புற்று கூடியது என்பதும் பிறகுதான் விளங்கின.

எனக்குப் பிடித்த கதை அலிஸ் ஸ்டுவார்ட்டுடையது. 1950களில் இங்கிலாந்தில் சிறுவர்களின் இரத்தப் புற்று ஏன் கூடுகிறது என்று தேடிய பெண் டொக்டர் அவர். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை மட்டும் நம்பாமல், புற்றால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரிடமும் நலமாக உள்ள பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வைத்தார். கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தோம் என்ற பதில் இறந்த பிள்ளைகளின் பக்கத்தில் கூடுதலாக வந்தது. 1956இலும் 1958இலும் எழுதினார். வைத்திய உலகம் அதை முழுமனதாக ஏற்க ஏறக்குறைய இருபது வருடம் எடுத்தது. தாயின் ஞாபகத்தை யார் சாட்சியாக எடுப்பது? இன்றைக்கு எந்த எக்ஸ்ரே அறை வாசலிலும் “நீங்கள் கர்ப்பமாக இருக்கலாமா?” என்று கேட்பதற்குப் பின்னால் அந்தத் தாய்மார்தான் நிற்கிறார்கள்.

சிடி வந்தபின் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. நோயாளியைச் சுற்றிச் சுழலும் எக்ஸ்ரே குழாய், துண்டு துண்டாக உள்ளுடம்பைக் காட்டும் அற்புதம். ஆனால் அதன் அமைப்புகள் பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டவை. பல நாடுகளில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கும் அதே அமைப்பில் எடுத்தார்கள். படம் நன்றாகத்தான் வந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை. இங்கேதான் பழைய பிலிம் காலத்தை நினைத்துக்கொள்வேன். பிலிமில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும். அடிப்பிடித்த சோறு போல, மறைக்க முடியாது. எங்களுக்கு மேலுள்ளவர் வந்து பார்த்தால் ஏச்சு நிச்சயம். டிஜிட்டலில் எதிர்மாறு. கதிர் கூடக் கூடப் புள்ளி புள்ளியாய் வரும் இரைச்சல் குறைந்து படம் இன்னும் அழகாகிறது. டொக்டருக்குச் சந்தோசம், படம் எடுத்தவருக்கும் சந்தோசம், கூடுதலாக வாங்கியது பிள்ளைதான் என்று படத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லமாட்டார்கள். கருவி காட்டும் எண்ணைப் பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும்தான் தெரியும்.

2001இல் அமெரிக்காவில் டேவிட் பிரெனரும் கூட்டாளிகளும் பிள்ளைகளின் சிடியால் வரக்கூடிய புற்று பற்றிக் கணக்கிட்டு எழுதியபோதுதான் பெரிய சத்தம் எழும்பியது. அதன் தொடர்ச்சியாக 2008இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற இயக்கம் தொடங்கிற்று. அவர்கள் சொன்னது லேசானது: பிள்ளையின் பருமனுக்கு ஏற்ப மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறை, தேவையான இடத்தை மட்டும் எடு, ஒருதரம் போதுமென்றால் ஒருதரத்தோடு நிறுத்து. இன்றைய சிடி இயந்திரங்களில் பிள்ளைகளுக்கென்று தனி நிரல்கள் உண்டு. அவை பாவிக்கப்படுகின்றனவா என்பது அந்த அறையில் இருப்பவரைப் பொறுத்தது.

தீங்கு உண்மையில் எவ்வளவு? 2012இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மார்க் பியர்சும் குழுவினரும் இங்கிலாந்தில் இளவயதில் சிடி எடுத்த ஏறத்தாழ 180,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள 10,000 பிள்ளைகளுக்குத் தலை சிடி எடுத்தால் அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. 2023இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 950,000 பேரை வைத்துச் செய்த ஆய்வும், இரத்தம் சார்ந்த புற்றுகளில் 10,000 பேருக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவைத்தான் காட்டியது. தனிப் பிள்ளைக்கு மிகச் சின்ன ஆபத்து. தேவையான ஸ்கேனை இதைக் காட்டி மறுப்பது மடமை. தேவையில்லாத ஸ்கேனை “சின்ன ஆபத்துத்தானே” என்று எடுப்பதும் அதற்குச் சளைத்ததல்ல, அந்தச் சின்ன ஆபத்துக்குக் கைம்மாறாக எதுவுமே கிடைப்பதில்லை.

அப்படியென்றால் எது தேவை? தலை அடிபட்ட பிள்ளைதான் இதில் பெரிய வழக்கு.

போன வருடம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருவர் பேரனைக் கையில் பிடித்தபடி வந்தார். நாலு வயது. நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி விளையாடிச் சரிந்து விழுந்திருக்கிறான். விழுந்த உடனே அழுதான், சத்தி இல்லை, நெற்றியில் ஒரு வீக்கம். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்து, சில மணி நேரம் வாட்டில் வைத்துக் கவனித்து, என்னென்ன கண்டால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கச்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“அண்ணை, ஸ்கேன் எடுக்காமலே விட்டிட்டாங்கள். நாங்கள் வசதியில்லாத ஆக்கள் எண்டு நினைச்சிட்டாங்களோ? கொழும்புக்குக் கொண்டுபோய்க் காசு கட்டி எடுக்கட்டோ?”

பேரன் அதற்குள் என் வீட்டுப் பூனையைத் துரத்தத் தொடங்கியிருந்தான்.

அந்த டொக்டர் செய்ததுதான் சரி. 2009இல் அமெரிக்காவில் நாதன் குப்பர்மானும் குழுவினரும் தலை அடிபட்ட 42,412 பிள்ளைகளைப் பார்த்து ஒரு விதி வகுத்தார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தெளிவாக இருந்தால், மயங்காமல் இருந்தால், சத்தி எடுக்காமல், கடுமையான தலையிடி இல்லாமல், மண்டை அடிப்பாகம் வெடித்ததற்கான அறிகுறி இல்லாமல், ஒன்றரை மீற்றருக்கு மேல் உயரத்திலிருந்து விழுதல் அல்லது வாகன விபத்து போன்ற பலத்த அடியும் படாமல் இருந்தால், பாரதூரமான மூளைக் காயம் இருக்கும் சாத்தியம் 0.05 சதவீதத்திலும் குறைவு. அதற்கு ஸ்கேன் வேண்டாம், கவனிப்புப் போதும். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விதி கொஞ்சம் வேறு: நெற்றி தவிர்ந்த இடத்தில் வீக்கமா, விழுந்த உயரம் 0.9 மீற்றரைத் தாண்டியதா, பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று தாய் சொல்கிறாரா என்பவற்றையும் பார்ப்பார்கள். தாயின் சொல்லே விதிக்குள் ஏறியிருப்பது எனக்குப் பிடித்த பகுதி. இடைப்பட்ட அறிகுறிகள் உள்ளவர்களைச் சில மணி நேரம் வாட்டில் வைத்துப் பார்ப்பதும் ஒரு வைத்தியம்தான். அந்த நேரத்தில் மிஸிமார் வந்து வந்து கண்மணியைப் பார்ப்பதும், பெயரைக் கேட்பதும் ஒப்புக்குச் செய்கிற வேலை இல்லை.

ஆனால் தங்கச்சியின் அந்தக் கேள்வியை அறியாமை என்று நான் தள்ளிவிடமாட்டேன். அதில் நம் ஊரின் வரலாறு இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சனம் நீண்ட காலம் இல்லாமையில் வாழ்ந்தது. ஒரு படம் எடுக்கச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கண்டிக்கும் கொழும்புக்கும் போன காலம் இருந்தது. நோயாளி போகிற வழியிலேயே முடிந்த கதைகளும் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்கேன் என்பது பரிசோதனையாகத் தெரியாது, உரிமையாகத் தெரியும். “வேண்டாம்” என்று டொக்டர் சொன்னால் “உனக்குத் தரமாட்டேன்” என்று காதில் விழும். எடுக்காமல் விடுவதும் ஒரு நல்ல வைத்தியனின் முடிவு என்பதை நம்ப, முதலில் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். கொழும்பு டொக்டர்மார் எழுதும் விழிப்புணர்வுக் கட்டுரைகளில் இது ஒருபோதும் வருவதில்லை.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். ஷெல் துண்டு பட்ட பிள்ளைகளைப் படம் எடுத்தவன் நான். துண்டு எங்கே நிற்கிறது, எத்தனை, நெஞ்சுக்குள் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் மில்லிசீவர்ட் கணக்கு யாருக்கும் நினைவில் வராது, வரவும் கூடாது. அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். சிலரின் உடம்பில் துண்டு இன்னும் இருக்கிறது. இடையில் ஒரு விசயம்: எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எம்ஆர்ஐயில் கதிர் இல்லை, காந்தம்தான், ஆனால் அந்தக் காந்தம் உடம்புக்குள் இருக்கும் இரும்பை அசைத்துவிடும். கண்ணுக்குள் துண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கதிர் இல்லாத வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுக் குத்து, குடல்வால் என்று சந்தேகம் என்றால் முதல் படி அல்ட்ராசவுண்ட்; அது வெறும் ஒலி. எம்ஆர்ஐயும் நல்லதுதான், ஆனால் சின்னப் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் அசையாமல் கிடக்காது, மயக்கம் கொடுக்க வேண்டிவரும், அதற்கும் ஆபத்து உண்டு. பீனிசம் என்று நாலு வயதுப் பிள்ளைக்கு முகத்தில் எக்ஸ்ரே கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அந்த வயதில் நெற்றி எலும்புக் குழி இன்னும் உருவாகியே இராது. மற்றக் குழிகள் சாதாரண தடிமனுக்கும் வெள்ளையாகத்தான் தெரியும். தலை அடிபட்டதுக்கு மண்டை எக்ஸ்ரே எடுப்பதும் அநேகமாக வீண். எலும்பு தெரியும், மூளை தெரியாது.

இனி ஈயத்துணி. “முந்தி எல்லாம் பிள்ளையின்ர கீழ்ப்பக்கத்துக்கு ஈயம் போட்டுத்தானே எடுத்தவை, இப்ப ஏன் போடுறேல்லை? கவனம் இல்லையோ?” என்று ஒரு தாத்தா என்னோடு சண்டைக்கே வந்தார். நியாயமான கோபம். பல தசாப்தங்கள் அதைக் கட்டாயம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். 2019இல் அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் அதை வழமையாகப் போடுவதை நிறுத்தச் சொன்னது. காரணங்கள் மூன்றும் நடைமுறையில் நான் கண்டவைதான். துணி சரிந்து பார்க்க வேண்டிய எலும்பை மூடிவிடும், திரும்ப எடுக்க வேண்டிவரும், அப்போது பிள்ளைக்கு இரட்டிப்புக் கதிர். தானாகக் கதிரைக் கட்டுப்படுத்தும் இயந்திரமோ ஈயத்தைக் கண்டதும் “போதவில்லை” என்று எண்ணி இன்னும் கூட்டும். உடம்புக்குள் சிதறிப் போகும் கதிரை வெளியே போட்ட துணி தடுக்காது. பாதுகாப்பு உண்மையில் இருப்பது கதிர்க்கற்றையை வேண்டிய இடத்துக்கு மட்டும் ஒடுக்குவதில். வெளிச்சச் சதுரம் ஒன்று பிள்ளையின் நெஞ்சில் விழும், பார்த்திருப்பீர்கள். அது பிள்ளையின் நாடியிலிருந்து தொப்புள் வரை விரிந்து கிடந்தால், எத்தனை ஈயம் போட்டும் பயனில்லை.

பிள்ளையைப் பிடிக்கும் பெற்றோருக்கு ஈய அங்கி கட்டாயம், அது மாறவில்லை. கர்ப்பிணி பிடிக்கக் கூடாது; மாமாவோ சித்தியோ வரட்டும். உங்கள் கை அந்த வெளிச்சச் சதுரத்துக்குள் வரக்கூடாது. தைரியமாக, இறுக்கிப் பிடியுங்கள். பாவம் என்று தளர்த்திப் பிடித்துப் பிள்ளை அசைந்து படம் கெட்டால் இன்னொரு தரம் எடுக்க வேண்டும், பிள்ளைக்குப் பாவம் செய்வது அதுதான். எடுத்து முடிந்தபின் பிள்ளையின் உடம்பிலோ அறையிலோ கதிர் எதுவும் மிஞ்சாது. வீட்டுக்குப் போய்த் தலைக்கு வார்க்க வேண்டியதில்லை. வார்த்தாலும் நட்டமில்லை.

சட்டமும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றை யாரும் இயக்க முடியாது. அதில் வேலை செய்பவருக்கு ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 என்பது சர்வதேச எல்லை. நோயாளிக்கு மட்டும் எல்லை எதுவும் இல்லை. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் உயிர் காக்கப் பத்து ஸ்கேன் வேண்டுமென்றால் பத்தும் எடுக்கத்தான் வேண்டும். எல்லைக்குப் பதிலாக அங்கே இருப்பது டொக்டரின் நியாயம் மட்டும். அந்த நியாயத்தைப் பெற்றோர் மரியாதையாகக் கேட்கலாம்: “இந்தப் படத்தில ஏதும் தெரிஞ்சா வைத்தியம் மாறுமோ டொக்டர்?” கோபிக்கிற டொக்டர் இருக்கிறார்தான். யோசித்துவிட்டு “மாறாது, விடுவம்” என்று சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன்.

பழைய படங்களை வைத்திருங்கள். தேவையில்லாத கதிரில் ஒரு பங்கு, முந்தி எடுத்த படம் கையில் இல்லாததால் திரும்ப எடுப்பதுதான். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தின் பிளாஸ்டிக் பைகளுக்குள் பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் பிள்ளையின் கிளினிக் கொப்பியும் சுருட்டிய எக்ஸ்ரே பிலிமும் இருந்ததைக் கண்டவன் நான். இன்று எல்லாம் சீடித் தட்டிலும் போனிலும் வருகிறது, அடுத்த கிழமை காணாமல் போகிறது. ரிப்போட்டைப் படம் பிடித்துத் திகதியோடு வையுங்கள், எந்த ஆஸ்பத்திரி என்பதும் இருக்கட்டும். மெத்தைக்கடியில் பிலிம் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

கடைசியாக, இதை வாசிக்கும் இளம் டொக்டர்மாருக்கு ஒன்று. பிள்ளைக்குப் படம் கேட்டு எழுதும் படிவத்தில் ‘நெஞ்சு எக்ஸ்ரே’ என்று மட்டும் எழுதி ஒப்பம் வைக்காதீர்கள். எத்தனை கிலோ, எத்தனை நாள் காய்ச்சல், எந்தப் பக்கம், எதைத் தேடுகிறீர்கள், முந்தி எங்கே எடுத்தது? படம் எடுப்பவர் இயந்திரத்தைத் திருப்புவது அதை வைத்துத்தான். எடை எழுதாத படிவத்தோடு வந்த பிள்ளையை நாங்கள் கண்ணால் அளந்துதான் கதிரைத் தீர்மானிக்கிறோம். பக்கம் எழுதாவிட்டால் இரண்டு காலையும் எடுக்கிறோம்.